சொல்லாமல் விட்ட எடை

"கனமா இருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்க்கா."

போன வருஷம் ஆவணியில் வந்த ஒரு மெயிலில் இருந்த வரி. எழுதியவர் ஈரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு பெண். பெயர் வேண்டாம். என்னுடைய சமையலறைக் கட்டுரைகளை நாலு வருஷமாகப் படிக்கிறவர். அதில் ஒன்றைப் படித்துவிட்டு அவருடைய அம்மாவுக்கு ஒரு வார்ப்பிரும்பு தோசைக்கல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு ஏற்கனவே மணிக்கட்டில் வலி. இரண்டாம் நாள் கல்லைக் கழுவ எடுத்தபோது கை நழுவி, கல் சிங்க்கில் விழுந்து, நடுவிரல் நசுங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. நகம் கறுத்து, இரண்டு வாரம் கட்டோடு இருந்திருக்கிறார்.

மெயிலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு ஏதாவது வாதாடியிருப்பேன். "தப்பு என்னோடதுதான், கம்பெனிக்காரங்க எடை போட்டுத்தான் இருக்காங்க, நான்தான் பாக்கல" என்று எனக்கான வாதத்தையும் அவரே வைத்துவிட்டார். அதற்குக் கீழே, கையெழுத்துக்கு மேலே, அந்த ஒரு வரி.

கட்டுரையைத் திறந்து மறுபடி படித்தேன். எங்கேயாவது பொய் சொல்லியிருக்கிறேனா என்று தேடினேன். இல்லை. புதுக் கல்லைக் கழுவித் துடைத்து, சூடாக்கி, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவி, புகை வரும்வரை காயவிட்டு, ஆறவைத்து, திரும்பத் திரும்பப் பழக்குவது பற்றி எழுதியிருந்தேன். எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக் கறுப்புத் தோலாக மாறிவிடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். முதல் நாலு தோசை பிய்ந்துதான் போகும், அந்த நாலையும் நீங்களே சாப்பிட்டுவிடுங்கள், வீட்டில் யாரிடமும் காட்டாதீர்கள் என்று ஒரு நக்கல். அரை வெங்காயத்தைக் கத்தி முனையில் குத்தித் தேய்ப்பது, புளிக்குழம்பை அதில் கொதிக்கவிடக் கூடாது என்பது, எல்லாம் நானே செய்து பார்த்தவை. அந்தக் கல் எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறது. இன்று காலைத் தோசையும் அதில்தான்.

ஆனால் என்னுடைய முதல் பிரதியில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. "இதை ஒரு கையால் தூக்க முடியாது. மணிக்கட்டு வலி இருப்பவர்கள் கடையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்." என் அம்மாவை நினைத்து எழுதியது அது. பிராண்டில் என்னோடு பேசிக்கொண்டிருந்த பெண், ரொம்ப மரியாதையானவர், ஒரு குறிப்பு அனுப்பினார். "மேம், சூப்பரா வந்திருக்கு. அந்த வெயிட் லைன் மட்டும் எடுத்துடலாமா? படிக்கும்போது கொஞ்சம் நெகட்டிவா நிக்குது. எப்படியும் நம்ம பேஜ்ல வெயிட் போட்டிருக்கோமே." யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு ஐந்து நொடி. எடுத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் 12,000 ரூபாய் கணக்கில் ஏறியது.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பெண் கேட்டார், நான் செய்தேன். அவர் கேட்டதும் அவருடைய வேலையில் நியாயமானதுதான். இதை வைத்துக்கொண்டுதான் ஒரு வருஷமாக மனதுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

*

காசு வாங்கிக்கொண்டு எழுதியதுதான் தப்பு, அவ்வளவுதான் விஷயம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு மாதம் முதல் தேதி வேறெங்கிருந்தோ சம்பளம் வருகிறது. எழுத்தைப் பரிசுத்தமாக வைத்துக்கொள்ள அந்தச் சம்பளம்தான் வாடகை கட்டுகிறது. விளம்பரத்தில் கைபடாத தமிழ் எழுத்து என்று ஒரு பொற்காலம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனந்த விகடனை 1928ல் வாங்கிய எஸ். எஸ். வாசன் அதற்கு முன்பு விளம்பரத் தொழிலில் இருந்தவர். அந்தப் பக்கங்களில் விளம்பரம் இருந்ததால்தான் கதைகளும் இருந்தன.

நான் மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். சமையலறையைப் பற்றி எழுதத் தொடங்கியது கொரோனா ஊரடங்கில். இரண்டு வருஷம் யாரும் காசு தரவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தேன். எட்டு சனிக்கிழமைகள். இலக்கியம் படிக்கிறவர்கள் இந்த மாதிரி வகுப்புகளைக் கேலி செய்வது வழக்கம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அங்கே கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் தட்டை வைத்துப் படமெடுக்கக் கற்றுக்கொண்டேன். எதற்கு எவ்வளவு கேட்கலாம், எந்த வருமானத்துக்கு எந்த வரி என்பதெல்லாம் (கணக்கு எழுதுகிறவளுக்கே) அங்கேதான் தெளிந்தது. எல்லாவற்றையும்விட, ஜனங்கள் கூகுளில் என்ன தட்டுகிறார்கள் என்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தோசைக்கல்லைப் பற்றிய என் பழைய கட்டுரைக்கு நான் வைத்திருந்த தலைப்பு "அம்மாவின் கறுப்பு நிலா". ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தர் தட்டுகிற கேள்வி "தோசை கல்லில் ஒட்டுது என்ன செய்ய". என் நிலாவுக்கு அவரிடம் எந்த வேலையும் இல்லை. தலைப்பை மாற்றினேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அடுத்தவருக்கு என்ன தேவை என்று கேட்டுக்கொண்டு எழுதுவது எழுத்தைக் கெடுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை பயிற்சியாளர் சொன்னார், "உங்க நம்பகத்தன்மைதான் உங்க அசெட். பிராண்டு காசு கொடுக்கறது அதுக்குத்தான்." நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். ஆபீசில் தினமும் அசெட் என்ற சொல்லோடு புழங்குகிறவளுக்கு அப்போதே ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். சொத்து என்று ஒன்றை ஏட்டில் ஏற்றினால், பக்கத்திலேயே தேய்மானம் என்று ஒரு பத்தி போட வேண்டும். லாரியோ, தையல் மிஷினோ, வருமானம் தருவது ஓடி ஓடித் தேய்ந்துதான் தருகிறது. நம்பகத்தன்மை வருமானம் தரும்போது அது எங்கே, எவ்வளவு தேய்கிறது? அந்தப் பத்தியை யார் எழுதுவது?

*

ஈரோட்டுப் பெண்ணின் வரிக்குத் திரும்புகிறேன். அதில் அவர் எதை நம்பியிருக்கிறார்? நான் எழுதியதை அல்ல. எழுதியதில் எடை பற்றி எதுவுமே இல்லை. நான் எழுதாததை நம்பியிருக்கிறார். இந்த அக்கா எதையும் விடமாட்டாள், குக்கர் கைப்பிடி ஆடினால்கூட ஒரு பத்தி எழுதுகிறவள், கனமாக இருந்தால் சொல்லாமல் இருப்பாளா என்று என் மௌனத்தைப் படித்து, அதற்கு ஒரு அர்த்தம் வைத்திருக்கிறார். அந்த அர்த்தம் சரியானது. நாலு வருஷமாக நான்தான் அவரை அப்படிப் படிக்கப் பழக்கியிருக்கிறேன். கல்லைப் பழக்குவது போலத்தான், ஒவ்வொரு புலம்பலாகத் தடவித் தடவி.

பால் கிரைஸ் என்ற தத்துவவாதி 1967ல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இதைப் பற்றிப் பேசினார். நாம் பேசும்போது கேட்பவர் நம் சொற்களை மட்டும் கேட்பதில்லை. தேவையான அளவு சொல்வார், தேவையானதை ஒளிக்கமாட்டார் என்ற ஒரு எதிர்பார்ப்போடு கேட்கிறார். அதனால் சொல்லாததும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது. அவர் தரும் உதாரணம் ஒன்று: தத்துவத் துறை வேலைக்கு விண்ணப்பித்த மாணவனுக்கு ஆசிரியர் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார். பையனுடைய ஆங்கிலம் பிரமாதம், வகுப்புக்கு ஒழுங்காக வருவான், இப்படிக்கு. அவ்வளவுதான். தத்துவத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. படிக்கிறவருக்குப் புரிந்துவிடும், பையன் தேறமாட்டான். கடிதத்தில் பொய்யே இல்லை. ஆனால் பையனின் கதை முடிந்தது.

என் விஷயத்தில் மௌனம் நேர் எதிர்த் திசையில் பேசியது. ஏன் என்று யோசித்தால், என் பழைய கட்டுரைகள்தான் காரணம். எதையும் குறை சொல்லாத, எல்லாமே 'வேற லெவல்' என்று எழுதுகிற ஒருவர் எடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மௌனத்துக்கு எந்த மதிப்பும் இருந்திருக்காது. அதை யாரும் நம்பியிருக்கமாட்டார்கள், அதனால் யாருக்கும் அடிபட்டிருக்காது. நேர்மையாக எழுதிச் சேர்த்த பெயர்தான் அந்த ஒரு மௌனத்துக்கு இவ்வளவு பலம் கொடுத்தது.

பாரதக் கதையில் இது இருக்கிறது, நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிறோம். துரோணரிடம் அசுவத்தாமன் செத்தான் என்று முதலில் சொல்வது பீமன். துரோணர் நம்பவில்லை. தருமனிடம் போய்க் கேட்கிறார். தருமன் செத்தது அசுவத்தாமன்தான் என்று சொல்லி, யானை என்பதை வாய்க்குள் முணுமுணுக்கிறான். தருமன் சொன்னதும் ஒருவகையில் உண்மை. அசுவத்தாமன் என்ற யானை செத்துத்தான் கிடந்தது. அதுவரை தரையில் படாமல் நாலு விரற்கடை மேலே ஓடிய அவனுடைய தேர் அப்போது மண்ணில் இறங்கியது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இப்போது உறைப்பது வேறு. பீமனால் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. பொய் சொல்லாதவன் என்று பேர் எடுத்த ஒருவன் தேவைப்பட்டது. வாழ்நாள் முழுக்க உண்மை பேசியதன் பயன் அந்த ஒரு நிமிஷத்துக்குத் தேவைப்பட்டது. பிராண்டுக்கும் பீமன் வேண்டாம், தருமன்தான் வேண்டும். பயிற்சியாளர் அசெட் என்றது இதைத்தான்.

உண்மையைச் சொல்லித் தப்புவது பெரியவர்களுக்கும் உள்ள பழக்கம் என்பது ஒரு சின்ன ஆறுதல். எந்த நிலையிலும் பொய் சொல்லக் கூடாது என்று சொன்ன இம்மானுவேல் கான்ட் 1794ல் பிரஷ்ய மன்னரின் கண்டனத்துக்கு ஆளானார், மதத்தைப் பற்றி எழுதியதற்காக. இனி எழுதமாட்டேன், மேன்மை தங்கிய மன்னரின் விசுவாசமுள்ள குடிமகன் என்ற முறையில், என்று எழுதிக் கொடுத்தார். 1797ல் அந்த மன்னர் இறந்தார். அடுத்த வருஷமே கான்ட் மதத்தைப் பற்றி எழுதி வெளியிட்டார். அந்த மன்னரின் குடிமகன் என்றுதானே சொன்னேன், அவர்தான் இப்போது இல்லையே என்பது அவருடைய விளக்கம். அந்தச் சொற்களை வேண்டுமென்றேதான் பொறுக்கி வைத்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

கான்ட் தப்பிக்கலாம், நான் தப்பிக்கக் கூடாதா? சில நாள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். பிறகு அது நிற்கவில்லை. கான்ட் எழுதியது தன் வாயை அடைக்க வந்த அதிகாரத்துக்கு. அந்த மன்னர் கான்ட்டை நம்பி அவரிடம் வரவில்லை, மிரட்டத்தான் வந்தார். ஈரோட்டுப் பெண் என்னை மிரட்டவில்லை. தன் அம்மாவுக்கு எது நல்லது என்று கேட்டு வந்தார். பலசாலியிடமிருந்து தப்பிக்க உண்மையை மடித்து வைப்பதும், நம்பி வந்தவரிடம் அதையே செய்வதும் ஒன்றாக இருக்க முடியாது.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். சட்டப்படி நான் சுத்தம். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021ல் இதற்கென விதிகள் கொண்டுவந்தது. 2022ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும், 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டிகளை வெளியிட்டன. பணமோ இலவசப் பொருளோ பயணமோ வாங்கியிருந்தால் அதைப் படிக்கிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. நான் என் கட்டுரையின் மேலேயே, "இது பிராண்டுடன் இணைந்து, கட்டணம் பெற்று எழுதியது" என்று தமிழிலேயே போட்டிருந்தேன். ஈரோட்டுப் பெண் அதைப் படித்தும் இருக்கிறார். "காசு வாங்கினாலும் நீங்க உள்ளதைத்தான் எழுதுவீங்க" என்று அதே மெயிலில் இருக்கிறது. அந்த அறிவிப்பு அவரை எச்சரிக்கவில்லை. இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறாளே என்று என் மேலிருந்த நம்பிக்கையைக் கூட்டித்தான் விட்டது!

காசு வந்ததா என்று சட்டம் கேட்கிறது. நான் பதில் சொல்லிவிட்டேன். காசு வந்ததால் என்ன போச்சு என்று கேட்க அதனிடம் கட்டம் இல்லை. கூகுளிடமும் இப்படி ஒரு விதி உண்டு. காசுக்கு வைத்த இணைப்பு என்றால் அதற்கு ஒரு அடையாளம் போட வேண்டும், 2019 முதல் அதற்கென்றே தனிக் குறியீடு வைத்திருக்கிறார்கள். பிராண்டுகள் அதைப் போடாதீர்கள் என்று கெஞ்சுவதும் உண்டு. அதில் மட்டும் நான் கறாராக இருந்தேன். கூகுளை ஏமாற்றவில்லை. நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இதில் ஒரு கிளைப் பாதை, சொல்லிவிட்டே போகிறேன். அந்த 2023 வழிகாட்டியில், மறைக்கக் கூடாத தொடர்புகளின் பட்டியலில் குடும்ப உறவும் சொந்த உறவும்கூட இருக்கின்றன. படித்தபோது எனக்கு நம்முடைய புத்தக வெளியீட்டு விழாக்கள் நினைவுக்கு வந்தன. நண்பன் நாவலுக்கு நண்பன் எழுதும் மதிப்புரைகள், நாளைக்கு நம் தொகுப்புக்கு முன்னுரை தேவைப்படும் என்பதால் இன்று சொல்லாமல் விடுகிற வரிகள். அவற்றுக்கு மேலே எந்த அறிவிப்பும் கிடையாது, பணமும் கிடையாது. என் 12,000 ரூபாயைப் பார்த்து முகம் சுளித்த நண்பர் ஒருவர், போன புத்தகக் கண்காட்சியில் தான் பாதிகூடப் படிக்காத ஒரு நாவலைத் தமிழின் முக்கிய வரவு என்று மேடையில் சொன்னார். இறங்கி வந்து டீக்கடையில் என்னிடம், "நடுவுல படுத்துருச்சு" என்றார். அந்த நாவலை யாராவது 450 ரூபாய் கொடுத்து வாங்கியிருப்பார்கள். விரல் நசுங்கியிருக்காதுதான்.

*

இந்தக் குழப்பத்தில் நான் அடிக்கடி போய் நிற்கும் இடம் அப்பாவின் கடை. அருப்புக்கோட்டையில் முப்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தார். வியாபாரி. காசுக்குத்தான் பொருள் கொடுத்தார், யாருக்கும் தானம் பண்ணவில்லை. ஆனால் துவரம்பருப்பு கேட்டு வரும் ஆளிடம், "இந்த மூட்டை வேக நேரமாகுதும்மா, வியாழக்கிழமை புதுசு வருது, இன்னைக்கு கால் கிலோ மட்டும் வாங்கிக்கோ" என்பார். பக்கத்தில் நின்று பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய நேர்மையாகவெல்லாம் தெரியவில்லை. நாளைக்கு அந்த அம்மா அதே வாசலில் வந்து நிற்பார், அவ்வளவுதான். முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இப்போது ஒரு பழைய புலவர் நினைவுக்கு வருகிறார். பெருஞ்சித்திரனார். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்கப் போகிறார். அதியமான் அவரைப் பார்க்காமலே பரிசை உள்ளிருந்து கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுக்கிறார். நேரில் பார்க்காமல் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரப் பரிசிலன் இல்லை, என்னை அறிந்து, மதித்துத் தந்தால் தினையளவு ஆனாலும் இனிது என்கிறார். புறநானூற்றில் 208வது பாட்டு. இவர் வசதியானவர் என்று நினைக்க வேண்டாம். தன் வீட்டில் பிள்ளை பசியோடு தாயின் பாலில்லாத மார்பைச் சுவைத்துப் பார்ப்பதை வேறொரு பாட்டில் பாடியவர் இவர்தான். அப்படிப்பட்டவர் பரிசை மறுத்தார். ஆனால் கவனியுங்கள், அவர் மறுத்தது பரிசை அல்ல. குமணனிடம் வாங்கத்தான் செய்தார். வாங்கியதை ஊருக்கெல்லாம் பகிர்ந்து கொடு, என்னைக் கேட்காதே என்று மனைவியிடம் சொல்லவும் செய்தார். பார்க்காமல் கொடுத்ததைத்தான் அவர் மறுத்தார்.

எனக்கு வரும் பிராண்டு மெயில்களில் பாதி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயரை இடவும்' என்றே வருகின்றன. பெருஞ்சித்திரனாருக்குப் புரிந்திருக்கும்.

ஆனாலும் அவர் வியாபாரம் என்ற சொல்லைச் சொன்ன தொனியில் எனக்கு ஒரு மனத்தாங்கல். அப்பாவின் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவள் நான். வாணிகம் என்றால் கீழ்மை என்று நம்மால் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி வருகிறது. வாங்கும்போது அதிகம் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக நினைப்பார்கள் என்று. அந்தப் பாட்டுக்காகக் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் 16 லட்சம் பொன் கொடுத்தான் என்று கலிங்கத்துப்பரணி சொல்கிறது. தமிழின் மிகப் பெரிய கட்டணக் கட்டுரை அதுவாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பதோ அளவு குறைக்காத வியாபாரிகளைப் பற்றிய வரி!

அப்பாவுக்கும் எனக்கும் வித்தியாசம் காசில் இல்லை. அப்பா வியாபாரி என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பருப்பைப் புகழ்ந்தால் கேட்கிறவர் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு கேட்பார். நான் கல்லாவுக்கு இந்தப் பக்கம், வாங்க வந்தவர்களோடு நிற்கிறேன். பக்கத்தில் நிற்கும் அக்கா, "எடுங்க, நல்லாருக்கு" என்றால் யாரும் எதையும் கழிப்பதில்லை. அந்த அக்காவுக்குக் கடைக்காரர் ஏற்கனவே காசு கொடுத்திருக்கிறார் என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாலும், அவள் அக்கா மாதிரியே பேசினால் அட்டை மறந்துவிடுகிறது. அதற்காக அக்கா மாதிரிப் பேசுவதை விட்டுவிட முடியுமா? எனக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது. என் எழுத்தே அதுதான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"நீ எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"எழுதி வச்சிருந்தத எடுத்துட்டேன்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்காகத்தான எழுதின அத?" என்றார்.

அது போதும் எனக்கு. எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு முடிவே கிடையாது. ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல ஆயிரம் விஷயம் இருக்கும், எல்லாவற்றையும் யாராலும் சொல்ல முடியாது. எழுதுவது என்றாலே விடுவதுதான். நீளம் கருதி விடலாம், சுவாரஸ்யம் கருதி விடலாம், தெரியாமலும் விடலாம். இந்த வரி அப்படிப் போகவில்லை. என் அம்மாவை நினைத்தபோது தானாக வந்த வரி, வேறொருவரின் அம்மா என்றதும் போய்விட்டது. காசு இல்லாமல் எழுதியிருந்தால் இருந்திருக்கும். இந்த ஒரு சோதனை எனக்குக் கைக்கு அடக்கமாக இருக்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தாது. காசே வாங்காமல் பாதி மனசோடு எழுதிய கட்டுரைகள் என்னிடம் உண்டு, காசு வாங்கியதால் மூன்று தடவை சோதித்து எழுதியவையும் உண்டு.

*

பிராண்டுப் பெண்ணுக்கு எழுதினேன், எடை பற்றிய வரியைத் திரும்பச் சேர்க்கப் போகிறேன் என்று. "அக்ரிமென்ட்படி ஆறு மாசத்துக்கு மாத்தக் கூடாது மேம்" என்றார். விரல் விஷயத்தைச் சொன்னேன். அரை நாள் பதில் இல்லை. சாயந்திரம், "சேத்துக்கோங்க மேம், நான் மேல பேசிக்கிறேன். அவங்க அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் வாய்மொழியாகப் பேசியிருந்த அடுத்த இரண்டு கட்டுரைகளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. 24,000 ரூபாய். லேப்டாப் தவணைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தது. வருத்தமில்லை என்று எழுதினால் இந்தக் கட்டுரையிலும் ஒன்றை மறைத்ததாகிவிடும்.

இப்போது ஒப்பந்தத்தில் நானே ஒரு வரி சேர்த்து அனுப்புகிறேன்: பொருளில் நான் கண்ட குறையை எழுதுவேன், அதை நீக்கச் சொல்லக் கூடாது. இதுவரை ஐந்து பேருக்கு அனுப்பியிருக்கிறேன். மூவர் பதில் போடவில்லை. ஒருவர், "லீகல் டீம் ஒத்துக்கமாட்டாங்க" என்றார். ஒருவர் சரி என்றார், ஊறுகாய்க்காரர், தேனிப் பக்கம். உப்பு அதிகம் என்று எழுதினேன். அப்படியே விட்டுவிட்டார், எண்ணூறு ரூபாய் மட்டும் குறைத்துக் கொடுத்தார், அது எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

எடை வரியைத் திரும்பச் சேர்க்க உட்கார்ந்த அன்று, கம்பெனிப் பக்கத்தில் போட்டிருந்த எண்ணை எடுத்துப் போட மனசு வரவில்லை. அப்பாவின் தராசு பரண்மேல் இருந்தது. இறக்கி, தூசி தட்டி, வீட்டு நிலைக் கொக்கியில் மாட்டினேன். ஒரு தட்டில் தோசைக்கல் சரியாக உட்காரவில்லை, அம்மா கையால் பிடித்து நிமிர்த்திவிட்டார். மறு தட்டில் இரண்டு கிலோ படிக்கல், ஒரு கிலோ, இருநூறு கிராம். முள் நடுவில் நிற்க இன்னும் ஐம்பது கிராம் வேண்டியிருந்தது. எழுதிவிட்டு, ஈரோட்டுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. கல்லை இப்போது அவர் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். அம்மாவுக்குப் பழைய மெல்லிய கல்லே போதுமாம். நாலு தோசை பிய்ந்துவிட்டது, ஐந்தாவதும் பிய்கிறது, நெருப்பை எவ்வளவில் வைக்க வேண்டும் அக்கா என்று கேட்டிருந்தார்.